பினாங்கில் நாயோடு கடற்கரை நடை: எங்கே போகலாம், எத்தனை மணிக்கு?

சுகுணா_ஆயர்ஈத்தாம் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியின் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் போன வருடக் கடைசியில் ஒரு குட்டி கிடைத்தது. மழைக்கு ஒதுங்கி யாருடைய மோட்டாருக்கோ அடியில் நடுங்கிக்கொண்டு நின்றான். இப்போது பதினான்கு கிலோ. நாட்டு நாய்தான். நல்ல கடுங்காப்பி நிறம், அதனால் கோப்பி என்றே பெயர் வைத்துவிட்டோம். தடுப்பூசிகள் போட்டாகிவிட்டது, லைசென்ஸ் வில்லையும் கழுத்தில் தொங்குகிறது.

இன்று மாலை ஐந்து மணிக்கு முதல் தடவையாகப் பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அப்பா இருந்த காலத்தில் ஞாயிறு என்றாலே எங்களுக்குக் கடல்தான். வழியில் நாசி லெமாக் பொட்டலம் வாங்கி, மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இருட்டும் வரை நடப்போம். அந்தப் பழக்கத்தைக் கோப்பியோடு தொடரலாம் என்று ஆசை.

மணலில் கால் வைத்ததுமே ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தான். ஒரு பக்கம் ஜெட் ஸ்கீ சத்தம், இன்னொரு பக்கம் சவாரிக் குதிரை. பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்ததும் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஓர் அலை சத்தமாக விழுந்தது. அவ்வளவுதான், வாலைக் கால்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டு, வயிறு மணலில் பட அப்படியே பதுங்கிவிட்டான். அசையவே இல்லை. தூக்கிக்கொண்டு காருக்கு வந்தேன். வழியெல்லாம் எனக்கு அழுகை.

அவனுக்குக் கடலே பிடிக்காதோ? அல்லது நான்தான் ஏதாவது தப்பாகச் செய்தேனா? நாய் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ராஜன்_ஜெலுத்தோங் | ஞாயிறு, இரவு 10.05

தங்காச்சி, காலைத் தூக்கித் தூக்கி வைத்தானே, அது கடலுக்குப் பயந்து இல்லை. மணல் சுட்டிருக்கிறது. அடுத்த முறை உங்கள் புறங்கையை மணலில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க முடியாவிட்டால் அவனாலும் நடக்க முடியாது.

தஞ்சோங்பூங்கா_மாமா | திங்கள், காலை 6.20

சுகுணா, கவலைப்படாதே அம்மா. உன் பையனுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது. என் வள்ளிக்குப் பன்னிரண்டு. அவள் குட்டியாக இருந்ததிலிருந்து இந்த வடக்குக் கரையில்தான் நடக்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரம். நம் ஊரில் ஐந்து மணி என்பது கடிகாரத்துக்கு மட்டும்தான் சாயங்காலம். 1982 ஜனவரி 1 அன்று, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பத்தின் மணியை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். பினாங்கோ தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் வாக்கில். ஐந்து மணி வெயில் என்பது உண்மையில் மூன்றே முக்கால் வெயில். அந்த மணலில் செருப்பில்லாமல் நீ நடந்தாயா? இல்லை அல்லவா? ஆறரைக்கு மேல் போனால் மணல் ஆறியிருக்கும், ஏழு ஏழரைக்குத்தான் இருட்டும்.

என்னைக் கேட்டால் காலைதான் நல்லது. ஏழு மணிக்கு முன்பு இங்கே விடிவதில்லை, ஜனவரி பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். அந்த நேரத்தில் ஜெட் ஸ்கீ இல்லை, குதிரை இல்லை. வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் கெடாவின் ஜெராய் மலை முழுசாகத் தெரியும். பழைய கடாரத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் அடையாளம் பார்த்து வந்த மலை. அதைப் பார்த்துக்கொண்டு நாயோடு நிற்கும் பத்து நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இரண்டாவது, ஓதம். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். நேரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். வற்றும் நேரத்தில் போனால் ஈர மணல் அகலமாகக் கிடைக்கும். ஈர மணல் குளுமையாக இருக்கும், இறுகியும் இருக்கும், வயதான நாய்க்கு இடுப்பு வலிக்காது. அலையும் தூரத்தில் சின்னதாக விழும். பயந்த நாய்க்கு அதுதான் வேண்டும். ஓதம் ஏறும் நேரத்தில் போனால் சுவருக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம். ஃபோனிலேயே பினாங்கு ஓத அட்டவணை கிடைக்கிறது, பார்த்துவிட்டுக் கிளம்பு.

மூன்றாவது, அவசரப்படாதே. முதல் நாள் மணலில் இறங்கவே வேண்டாம். சவுக்கு மரத்தடியில் உட்கார். அவன் மூக்கு வேலை செய்யட்டும். நமக்கு அது வெறும் உப்புக் காற்று. அவனுக்கோ நேற்று யார் வந்தார்கள், எந்த நண்டு செத்துக் கிடக்கிறது, எந்தப் பக்கம் மழை பெய்கிறது எல்லாம் அதில் இருக்கிறது. வள்ளி முதல் நாலு நாள் அடும்பங்கொடியைத் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் தானே போனாள்.

அலையோடு_அருண் | திங்கள், மதியம் 1.15

மாமா சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் நான் சேர்க்கிறேன்: கயிற்றை அவிழ்த்து விடுங்கள். பயப்படும் நாயைக் கயிற்றில் பிடித்திருந்தால் பயம் கூடும். என் லேப்ரடாரை விடியற்காலையில் அவிழ்த்துத்தான் விடுகிறேன். யாருமே இல்லாத கரையில் அவன் முழு வேகத்தில் ஓடுவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். நாள் முழுதும் வீட்டுக் கேட்டுக்குள் இருக்கும் பிராணி, அந்த அரை மணி நேரமாவது நாயாக இருக்கட்டுமே.

இன்னொன்று. ஒரு ஹோட்டலுக்கு முன்னால் உள்ள மணலில் நடந்ததற்குக் காவலாளி ஒருவர் எங்களை விரட்டினார். ஓதம் ஏறும் கோட்டுக்குக் கீழே உள்ள மணல் மாநில அரசின் நிலம், எந்த ஹோட்டலுக்கும் சொந்தம் இல்லை. பயந்து திரும்பாதீர்கள்.

தஞ்சோங்பூங்கா_மாமா | திங்கள், இரவு 8.30

அருண் தம்பி, நிலத்தைப் பற்றி நீ சொன்னது சரி. கயிற்றைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் நாய் கூப்பிட்டால் வரும். ஃபேக்டரி வாசலில் பயந்து வளர்ந்த குட்டி, ஒரு பட்டாசுச் சத்தம் கேட்டால் நேராக பத்து ஃபிரிங்கி ரோட்டுக்கு ஓடும். அந்த ரோட்டின் வளைவுகளில் பஸ் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்கி, கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டிவிட்டால் போதும். ஓடலாம், மோப்பம் பிடிக்கலாம், நம் கையிலும் இருக்கும்.

அதோடு கரையில் நாம் மட்டும் இல்லை. நீர்நாய்க் கூட்டம் இந்தக் கரையோரம் வரும், ஸ்ட்ரெய்ட்ஸ் கீ பக்கம் நானே பார்த்திருக்கிறேன். ஏழெட்டு சேர்ந்து வரும். குட்டி இருந்தால் நாயைக் கூடக் கடிக்கும். பார்க்க அழகு, கயிற்றைச் சுருக்கிக்கொண்டு தூர நின்று பார்க்க வேண்டும்.

நாசர்_சூலியா | திங்கள், இரவு 10.50

நான் நாய் வளர்ப்பவன் இல்லை. பினாங்குத் தமிழ் முஸ்லிம், நான்கு தலைமுறையாக இங்கேதான். சுகுணா அக்கா எழுதியதில் பிள்ளைகளை இழுத்துக்கொண்ட குடும்பத்தைப் பற்றிப் படித்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அக்கா, அவர்கள் உங்கள் கோப்பியை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவின்படி நாயின் எச்சிலோ, ஈரமான உடம்போ எங்கள் மேல் பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். நாயும் காய்ந்திருந்து நாமும் காய்ந்திருந்தால் கழுவ வேண்டியதில்லை. கடற்கரையில் எல்லாமே ஈரம், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு மண்ணும் தண்ணீரும் தேடுவது பெரும்பாடு. நனைந்த நாய் பக்கத்தில் வந்து உடம்பைச் சிலிர்த்தால் எல்லார் மேலும் தெறிக்கும். அதனால்தான் அந்தப் பதற்றம்.

அதற்காக நாயை அடிப்பதோ விரட்டுவதோ மார்க்கம் இல்லை. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு இறைவன் மன்னிப்பு அளித்தான் என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாய் வைத்திருப்பவர்கள் நாலு பாய் தூரம் தள்ளிப் போய், ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், நாங்களும் சிரிப்போம். தஞ்சோங் பூங்கா மிதக்கும் பள்ளிவாசல் பக்கத்துக் கரையில் தொழுகை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

சுகுணா_ஆயர்ஈத்தாம் | திங்கள், இரவு 11.20

நாசர் தம்பி, இவ்வளவு வருடம் இங்கே இருந்தும் காய்ந்திருந்தால் பரவாயில்லை என்பது எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் முகம் ஒரு நாள் முழுக்க மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது கொஞ்சம் நிம்மதி. ரொம்ப நன்றி.

கலா_கிளினிக் | செவ்வாய், மதியம் 2.10

மிருக கிளினிக் ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். கடற்கரைக்குப் போய்விட்டு நேராக எங்களிடம் வருபவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அதிகம் வருவது கடல் தண்ணீர் குடித்த கேஸ்தான். பந்து எறிந்து விளையாடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். அன்று இரவே வாந்தி, பேதி. நிறையக் குடித்துவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். வீட்டிலிருந்து ஒன்றரை லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டு போங்கள், கால் மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். தாகம் இல்லாத நாய் கடல் தண்ணீரைத் தேடிக் குடிப்பது குறையும்.

அடுத்து தூண்டில் முள். மீன் பிடிப்பவர்கள் இரை மாட்டியபடியே அறுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். போன மாதம் ஒரு ஷிட்ஸூ வந்தது. உதட்டில் குத்திய முள்ளை உரிமையாளர் பதறிப்போய் இழுத்திருக்கிறார். முள்ளின் நுனியில் பின்னோக்கிய ஒரு கொக்கி இருக்கும், இழுத்தால் சதையோடுதான் வரும். அந்தச் சின்ன உதடு கிழிந்து தொங்கியதை இப்போதும் நினைக்க முடியவில்லை. இழுக்காதீர்கள். விழுங்கிவிட்டுத் தூண்டில் நரம்பு மட்டும் வாயில் தொங்கினால் அதையும் இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பேத்தை மீன் கரை ஒதுங்கிக் கிடக்கும், மலாயில் புந்தால் என்பார்கள். காய்ந்து கருவாடு போல இருந்தாலும் விஷம் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. நாய் வாயில் எடுத்துவிட்டால் நொடியும் தாமதிக்க வேண்டாம். ஜெல்லி மீனும் அப்படித்தான், செத்துக் கிடப்பது போலத் தெரிந்தாலும் கொட்டும்.

பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயிலில் கூட்டிப் போகவே போகாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்குங்கள். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே கிளினிக்குக்கு வாருங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

மழை பெய்த மறுநாள் ஓடையோ கால்வாயோ கடலில் கலக்கும் இடத்தில் இறக்காதீர்கள். எலி சிறுநீர்க் காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வரும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் துடைத்துக் காய வையுங்கள். கொசு மூலம் பரவும் இதயப்புழுவுக்கு மாத மருந்தை நிறுத்தாதீர்கள்.

ராஜன்_ஜெலுத்தோங் | செவ்வாய், மாலை 6.45

கலா அக்கா பதிவை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். வெறிநாய்க்கடி ஊசியையும் யாரும் விட்டுவிடாதீர்கள். 2015 செப்டம்பரில் பினாங்கு, கெடா, பெர்லிஸில் அது பரவியபோது தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். எங்கள் தெருவில் நாங்கள் சோறு வைத்து வந்த மூன்று நாய்கள் ஒரே வாரத்தில் காணாமல் போயின. வாசலில் வைத்த தட்டை ரொம்ப நாள் எடுக்காமலே விட்டிருந்தேன்.

பிறைக்காரன் | புதன், இரவு 9.00

பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்திலும் கடல் இருக்கிறது. தெலுக் ஆயர் தாவார் பக்கம் ரொபினா கடற்கரை. தீவில் இருப்பது போல வெள்ளை மணலை எதிர்பார்க்காதீர்கள், வற்றினால் சேறுதான். ஆனால் கோலா மூடா வரை நீளும் அந்தச் சேற்றுக்குத்தான் வடக்கே சைபீரியாவிலிருந்து கரைப் பறவைகள் வருகின்றன, செப்டம்பர் முதல் ஏப்ரல் வாக்கில். ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடினால் மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். பல ஆயிரம் மைல் பறந்து வந்தவை, அவற்றுக்கு ஒவ்வொரு வாய் இரையும் முக்கியம். அந்த மாதங்களில் நான் என் ப்ரவுனியைச் சுவருக்கு மேலே உள்ள நடைபாதையில் மட்டும் நடத்துகிறேன். அவளும் உட்கார்ந்து பறவைகளைப் பார்க்கிறாள், நம்பினால் நம்புங்கள்.

ஷாமினி_கெலுகோர் | வியாழன், காலை 11.30

பந்தாய் கெராச்சுட்டுக்கு நாயைக் கூட்டிப் போகலாமா? காட்டுப் பாதையும் கடலும் சேர்ந்து கிடைக்குமே?

தஞ்சோங்பூங்கா_மாமா | வியாழன், மதியம் 12.10

வேண்டாம் அம்மா. அது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, ஆமைகள் முட்டையிடும் கரை. ஒரு தாய் ஆமை நூறு முட்டை வாக்கில் புதைத்துவிட்டுப் போகும், நாயின் மூக்குக்கு அதைத் தோண்ட இரண்டு நிமிடம் போதும். காட்டில் குரங்குக் கூட்டம் வேறு. வள்ளியை நான் ஒரு நாளும் அங்கே கொண்டு போனதில்லை.

அலையோடு_அருண் | வெள்ளி, இரவு 10.40

மாமா, நீங்கள் சொன்ன நீளக் கயிற்றை வாங்கிப் பார்த்தேன். என் நாய்க்கு அது தேவையில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் நாசர் எழுதியதைப் படித்த பிறகு, கரையில் ஒரே ஒரு பாய் விரித்திருந்தாலும் மாட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பையும் இரண்டு கொண்டு போகிறேன், ஒன்று அவனுடைய மலத்துக்கு, இன்னொன்று வழியில் கிடக்கும் தூண்டில் நரம்புக்கு.

சுகுணா_ஆயர்ஈத்தாம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.15

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். கோப்பி இன்னும் ஈரம் காயாமல் என் காலடியில்தான் தூங்குகிறான்.

முதல் இரண்டு ஞாயிறும் மாமா சொன்னபடி சவுக்கு மரத்தடியோடு நிறுத்திக்கொண்டோம். போன வாரம் விடியும் முன் மேற்கே கருமேகம் சுவர் போல வந்தது, சுமத்ரா காற்று. எனக்கு முன்பே அவன் எழுந்து காரைப் பார்த்து இழுத்தான். கதவைச் சாத்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

இன்று ஏழு மணிக்குப் போனோம், கடல் நன்றாக வற்றியிருந்தது. ஈர மணல் முழுவதும் மிளகு அளவுக்குச் சின்னச் சின்ன மணல் உருண்டைகள். குனிந்து பார்த்தேன். நகத்தின் பாதிகூட இல்லாத நண்டு ஒன்று தன் வளையைச் சுற்றி நடந்து, இரு கையாலும் மணலை வாயில் போட்டு, தின்ன வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டி வைத்துவிட்டு நகர்ந்தது. கோப்பியும் பக்கத்தில் வந்து மூக்கை வைத்தான். நண்டு உள்ளே போய்விட்டது. அவன் தலையைச் சாய்த்து, ஒரு காதைத் தூக்கி, அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பெருமூச்சு விட்டதில் நாலைந்து உருண்டைகள் உதிர்ந்தன. பிறகு அடுத்த வளை, அதற்கடுத்த வளை. அப்படியே வளை வளையாக மோந்துகொண்டு போனவனுக்கு, கடல் பக்கம் வந்துவிட்டோம் என்பதே தெரியவில்லை.

ஓர் அலை வந்து அவன் முன்னங்காலைத் தொட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குதித்துப் பின்னால் போனான். கயிற்றை நான் இழுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அலை திரும்பிப் போனதும் அது போன இடத்தை மோந்து பார்த்தான். அடுத்தது வந்தது, கொஞ்சம்தான் நகர்ந்தான். மூன்றாவது வந்தபோது நகரவே இல்லை. நுரை நான்கு கால்களையும் சுற்றிப் போனது, வால் மெல்ல ஆடியது.

ஜெராய் மலை இன்று தெரியவில்லை மாமா, மூட்டமாக இருந்தது. அப்பா எப்போதும் உட்காரும் பாறைக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாசி லெமாக்கில் முட்டை மட்டும் அவனுக்கு, சம்பல் படாமல்.

தூரத்தில் ஒரு குடும்பம் பாய் விரிக்க வந்தது. நாங்கள் எழுந்து வேறு பக்கம் நடந்தோம். அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் எங்களைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

தஞ்சோங்பூங்கா_மாமா | ஞாயிறு, காலை 11.00

படித்துவிட்டு வள்ளிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன் அம்மா. அடுத்த ஞாயிறு நாங்களும் அங்கே வருகிறோம். அவள் மெதுவாகத்தான் நடப்பாள், கோப்பி பொறுத்துக்கொள்வான் அல்லவா? எத்தனை மணிக்குக் கடல் வற்றுகிறது என்று பார்த்து சனிக்கிழமை இங்கேயே எழுதுகிறேன்.

கலா_கிளினிக் | ஞாயிறு, மதியம் 12.25

சுகுணா, அவன் எழுந்ததும் காதைத் துடைத்துவிடுங்கள்.